தூவிக்கு மதச்சத்துக் குறைவு

மைதீன் பிச்சை ராவுத்தர் தன் மருமகள்மேல் வழக்குப் போட்டிருக்கிறார் என்ற விவரத்தை அவருக்குச் சொன்னதே அந்த மருமகள்தான்.

மலையாளத் தலைநகரத்தில், சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவர் அவர். வழக்கம்போல அன்றும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு, பேத்திக்கு ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வற்றல் வாங்கிக்கொண்டு, கரமனையில் மருமகள் ரேஷ்மியின் வாடகை வீட்டுக்குப் போனார். ரேஷ்மி டீ கொடுத்தாள். பிறகு குடும்ப நீதிமன்றத்திலிருந்து வந்திருந்த நோட்டீசை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"மாமா, நீங்க எம்பேர்ல கேஸ் குடுத்திருக்கிய போல."

"நானா? எதுக்கு?"

"தூவிய எங்கிட்டேருந்து வாங்கித் தரணும்னு."

ராவுத்தர் டீயைக் கீழே வைத்தார். தூவி அவருடைய மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் கவிழ்ந்து படுத்து ஆனை வரைந்துகொண்டிருந்தாள். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவள வாங்கி நான் என்ன செய்யுகது மோளே? எனக்குத் தலை பின்னக்கூடத் தெரியாதே" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு முதலில் தோன்றிய கவலை.

இந்த இடத்தில் ராவுத்தரின் மகன் ஜலீலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த ஜலீல், தம்பானூரில் வரி ஆலோசகர் ஒருவரின் அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த ரேஷ்மியை ரிஜிஸ்டர் ஆபீசில் வைத்துக் கல்யாணம் செய்தான். இரண்டு பேரும் மதம் மாறவில்லை. மாறச் சொல்லி ஒருவரை ஒருவர் கேட்கவும் இல்லை. இதை அவர்கள் ஒரு பெரிய காரியமாக நினைக்கவில்லை; ஊர் நினைத்தது. ரேஷ்மியின் நாஞ்சில்நாட்டுச் சொந்தங்கள் அவளைத் தலைமுழுகின. ராவுத்தரும் ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பேத்தி பிறந்தாள் என்று கேட்டதும், யாரும் கூப்பிடாமலே ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்தார். அதோடு அந்தப் பிணக்கு முடிந்தது. எந்தப் பக்கத்துக்காரரும் பிடித்துக்கொள்ள முடியாத பெயராக இருக்கட்டும் என்று குழந்தைக்குத் தூவி என்று பெயர் வைத்தார்கள். இறகு என்று அர்த்தம். பிடிமானம் இல்லாத பெயர் என்று அவர்கள் நினைத்தது தப்பு என்பது பின்னால் தெரிந்தது.

தூவிக்கு நாலு வயதானபோது ஜலீல் வேலை பார்த்த நாற்காலியிலேயே நெஞ்சடைத்து இறந்துபோனான். மய்யித்தைப் பன்னீர்த்தோப்புப் பள்ளிவாசலுக்குக் கொண்டு போனார்கள். வாசலிலேயே அதை நிறுத்தி வைத்தார் பள்ளிவாசலை நடத்தும் மஹல்லு ஜமாஅத்தின் செக்ரட்டரி ஷரஃபுதீன். அவர் வக்கீலும்கூட. பதிவுக் கல்யாணம் செய்தவனைப் பள்ளிக்காட்டில் அடக்க ஜமாஅத்தின் சட்டத்தில் இடமில்லை என்று முதலில் சொன்னார். பிறகு இடம் இருக்கிறது, ஆனால் குழந்தையை நம் மார்க்கத்தில் வளர்ப்பதாக வாக்குத் தர வேண்டும் என்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ராவுத்தர் தலையாட்டினார். அந்த நேரத்தில் அவரிடம் யார் எதைக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பார்.

அந்தத் தலையாட்டல் இரண்டு வருஷம் சும்மா கிடந்தது. பிறகு ஜமாஅத் தேர்தல் வந்தது. மின்விசிறி வாங்கிப் போட்டதைத் தவிர சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத செக்ரட்டரிக்கு ஒரு போராட்டம் தேவைப்பட்டது. மஹல்லுக் குடும்பக் கணக்கெடுப்பு என்று சொல்லி ராவுத்தரிடம் கையெழுத்து வாங்கியது அந்த வாரம்தான்.

மறுநாள் ராவுத்தர் ஜமாஅத் அலுவலகத்துக்குப் போனார். கமிட்டி கூடியிருந்தது. தனக்கு இந்தக் கேஸ் வேண்டாம், குழந்தை தாயிடம் நன்றாக இருக்கிறது, தினமும் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னார். மூலையில் உட்கார்ந்திருந்த, மதரசாவில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் தொண்டையைச் செருமினார். ராவுத்தர்மார் மார்க்கச் சட்டத்தில் ஹனஃபி மத்ஹபு; ஹனஃபியில் பெண்குழந்தை பருவமெய்தும் வரை தாயிடம்தான்; தாய் வேறு தீனைச் சேர்ந்தவளானாலும் அவளுக்கு வளர்க்கும் உரிமை உண்டு என்று கிதாபில் இருக்கிறது என்று மெல்லச் சொன்னார்.

செக்ரட்டரி அவரை மிகுந்த மரியாதையோடு பார்த்தார். "உஸ்தாதே, இது கேஸ் காரியம். இதுல தீனக் கொண்டு வந்து கொழப்பக்கூடாது, கேட்டோ."

உஸ்தாதுக்குச் சம்பளம் கொடுப்பது கமிட்டி. அவர் தஸ்பீஹ் மணியை உருட்டத் தொடங்கினார்.

பிறகு செக்ரட்டரி ராவுத்தர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உடம்பு எப்படி இருக்கிறது, சர்க்கரை இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்றெல்லாம் விசாரித்தார். விசாரிப்பில் பாசம் வழிந்தது.

"அண்ணே, உங்க வீட்டுக்காரி கபருக்கும் மகன் கபருக்கும் நடுவுல ஒரு எடம் கிடக்குது அல்லே. நல்ல எடம். மாமர நெழல். கமிட்டிக்கு அப்ளிகேஷன் ஒருபாடு வந்து குமியுது. நாங்க உங்களுக்குன்னு வச்சிருக்கோம். வாக்குத் தப்பினவனுக்கு எடம் எதுக்குன்னு யாரும் கேக்காம நீங்கதான் பாத்துக்கணும்."

ராவுத்தர் எழுந்து வெளியே வந்தார். பள்ளிக்காட்டு மதில் ஓரமாக நின்று அந்த இடத்தைப் பார்த்தார். இத்தனை நாள் அவர் கண்ணுக்கு அது சும்மா ஒரு மண்ணாகத்தான் இருந்தது. இப்போது பார்த்தால் ஆசையாக இருந்தது.

அன்று சாயங்காலம் நடந்ததையெல்லாம் ரேஷ்மியிடம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தூவியின் பள்ளிக்கூடச் சீருடையை இஸ்திரி போட்டு முடித்தாள். பிறகு, கேஸ் அது பாட்டுக்கு நடக்கட்டும் என்றாள். எந்த நீதிபதியும் இதைப் பார்த்ததும் தூக்கி எறிந்துவிடுவார், மாமாவின் இடமும் போகாது, குழந்தையும் போகாது என்பது அவள் கணக்கு. பட்டப்படிப்பில் வணிகவியல் படித்தவள். குடும்ப நீதிமன்றத்தை அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வந்ததும் எதிர்ப்பக்கமும் விழித்துக்கொண்டது. கரமனையில் நாஞ்சில் குலதீபம் சமாஜம் என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் பகவதிப்பெருமாள், பொதுப்பணித் துறையில் பெரிய எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ரேஷ்மிக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா முறை. கல்யாணத்தன்று அவளைத் தலைமுழுகிய சடங்கில் முன்னால் நின்றவரும் அவரே. எட்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு தாம்பாளம் நிறையப் பழமும் ஒரு போட்டோகிராபருமாக அவர் ரேஷ்மியின் வீட்டுக்கு வந்தார். நம் குலக்கொழுந்தை மாற்றான் கொண்டுபோக விடமாட்டோம், சமாஜமும் வழக்கில் கட்சி சேர்கிறது என்று அறிவித்தார்.

ரேஷ்மி, நீங்கள்தானே என்னைத் தலைமுழுகினீர்கள் என்று கேட்டாள்.

"அது உன்னைய மட்டுந்தானே தாயி. கொளந்தைய நாங்க தலைமுழுகல. அது அப்பப் பொறக்கவே இல்ல. ரெக்கார்ட் பாத்தாச்சு."

"எனக்கு உங்க சகாயம் வேண்டாம் பெரியப்பா."

"நீ இதுல விசயமே இல்ல மக்கா" என்று அவர் பிரியமாகச் சொன்னார். "இது நம்ம சமுதாய விசயமாக்கும்." பழத்தை வைத்துப் போட்டோ எடுத்தார்கள். போட்டோகிராபர் முதல் படம் சரியாக விழவில்லை என்றதால் தாம்பாளத்தைத் திருப்பி வாங்கி இன்னொரு தடவை கொடுத்தார்கள்.

முதல் விசாரணையன்று குழந்தையின் பெயரைப் பற்றி மட்டுமே பேசினார்கள். தூவி என்பது சொர்க்கத்து மரமான தூபாவின் திரிபு. ஆகவே பெயரைக் கேட்ட உடனேயே இஸ்லாம் விளங்குகிறது என்று ஷரஃபுதீன் வாதிட்டார். தூவி என்பது அன்னத்தின் இறகு. அன்னம் சரஸ்வதியின் வாகனம். ஆகவே பெயரிலேயே சரஸ்வதி இறங்கி வந்திருக்கிறாள் என்று சமாஜத்தின் வக்கீல் சொன்னார். வக்கீல் வைக்காமல் தானே நின்ற ரேஷ்மி, குழந்தை பிறந்த அன்று ஜன்னல் வழியாக ஒரு புறாவின் இறகு உள்ளே வந்து விழுந்ததால் வைத்த பெயர் என்றாள். புறாவுக்கு என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அது பதிவு செய்யப்பட்டது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "நீதிமன்றம் ஒருபோதும் மதத்தில் தலையிடாது" என்றார். "ஆனால் குழந்தையின் மதம் எது என்று தெரிந்தால்தானே அதில் தலையிடாமல் இருக்க முடியும். தெரியாத ஒன்றில் எப்படித் தலையிடாமல் இருப்பது?"

அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு நீதிமன்றத்தின் கவுன்சலர் ஸ்ரீலட்சுமியிடம் கொடுக்கப்பட்டது.

மதிய இடைவேளையில் ராவுத்தரும் ரேஷ்மியும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, ரேஷ்மி கொண்டுவந்த எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டார்கள். அவர் தூக்குச்சட்டியில் அவள் மாங்காய் ஊறுகாய் எடுத்துப் போட்டாள். மாடிப்படியிலிருந்து இதைப் பார்த்த ஷரஃபுதீன் ஓடி வந்தார். மனுதாரர் எதிர்மனுதாரரின் சோற்றைத் தின்றால் கேஸ் பலவீனப்படும் என்றார். நீ என்ன சாப்பாடு கொண்டுவந்தாய் என்று ராவுத்தர் அவரிடம் கேட்டார். அவர் ஒன்றும் கொண்டுவந்திருக்கவில்லை. அதே நேரத்தில் பகவதிப்பெருமாளும் வந்து, எதிர்க்கட்சிக்குச் சோறு போடுவது சமுதாயத்தின் மனஉறுதியைக் கெடுக்கும் என்று ரேஷ்மியிடம் சொன்னார். வழக்கு நடந்த அத்தனை மாதத்தில் அந்த இரண்டு பேரும் ஒரே குரலில் பேசியது அன்று ஒருநாள்தான். பிறகு இருவரும் சேர்ந்து எதிர்க் கடைக்குப் போய்ப் பொரோட்டா தின்றார்கள் என்று பியூன் சொன்னான்.

கவுன்சலர் ஸ்ரீலட்சுமி ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். மனோதத்துவம் படித்தவர், மிருதுவான குரல். குழந்தைக்கு வீட்டில் மதச்சூழல் எப்படி என்று பார்க்கத்தான் வந்திருப்பதாகவும் யாரும் பயப்பட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, பூஜை அறை எங்கே என்று கேட்டார். இல்லை என்றாள் ரேஷ்மி. தொழுகைப்பாய் எங்கே என்று கேட்டார். மாமா தொழுவதற்கு ஒன்று உண்டு, மழையில் நனைந்து கொடியில் காய்கிறது என்றாள். காயும் பாயைப் பாய் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று ஸ்ரீலட்சுமி தீர்மானித்தார். சுவரில் காலண்டர் பார்த்தார். சமையல் கேஸ் ஏஜென்சி கொடுத்தது, மூணாறு தேயிலைத் தோட்டம். ஃபிரிட்ஜைத் திறந்தார்; அயலை மீன்கறி இருந்தது. அது இரண்டு பக்கத்துக்கும் பொருந்துவதால் மூடிவிட்டார்.

"பண்டிகை எல்லாம் உண்டோ?"

எல்லாம் உண்டு என்றாள் ரேஷ்மி. பெருநாளுக்கு மாமா பிரியாணி கொண்டு வருவார். ஓணத்துக்கு மூன்று பேருமாகப் பூக்களம் போடுவோம். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டில் கேக் தருவார்கள்.

ஸ்ரீலட்சுமி அனுதாபத்தோடு தலையசைத்தார். அவருடைய அறிக்கை அடுத்த விசாரணையில் வாசிக்கப்பட்டது. குழந்தை நல்ல ஆரோக்கியம், நல்ல படிப்பு, தாயோடும் தாத்தாவோடும் ஆழ்ந்த ஒட்டுதல். ஆனால் மதச்சத்துக் குறைவு காணப்படுகிறது. உடனடியாகச் சரிசெய்யாவிட்டால் பிற்காலத்தில் தான் யார் என்று தெரியாமல் போகலாம் என்று அதில் கண்டிருந்தது.

நீதிபதி தூவியைத் தன் அறைக்கு அழைத்துச் சாக்லேட் கொடுத்தார். தாயும் ராவுத்தரும் கதவோரம் நிற்க அனுமதி இருந்தது.

"மோள் ஆரா?"

"தூவி."

"அது பேர். மோள் ஏது விபாகம்?" எந்தப் பிரிவு என்று கேட்டார் நீதிபதி.

தூவி கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணாம் கிளாஸ், பி."

அவர் இன்னும் எளிமையாகக் கேட்டார். ராத்திரி தூங்கும் முன்னால் யாரை நினைப்பாய் என்றார். வாப்பாவை என்றாள். வாப்பா இப்போது எங்கே என்று கேட்டார். அம்மாவின் போனில் இருக்கிறார் என்றாள். ஜலீலின் குரல் பதிந்த ஒரு துண்டு ரேஷ்மியின் போனில் இருந்தது. அதைக் கேட்டுத்தான் தூவி தூங்குவாள். ராவுத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீதிபதி, குழந்தைக்கு இறைவனைப் பற்றிய தெளிவு இல்லை என்று ஸ்டெனோகிராபரிடம் சொன்னார்.

இடைக்கால உத்தரவு வந்தது. சத்துக்குறைவைச் சரிசெய்யும் பொருட்டு, சனிக்கிழமைகளில் பன்னீர்த்தோப்பு மதரசாவிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் சமாஜத்தின் பாலவகுப்பிலும் குழந்தை சம அளவில் ஊட்டம் பெற வேண்டும்.

ரேஷ்மி அழுதாள். ராவுத்தர்தான் தேற்றினார். கிதாபோ சுலோகமோ, நல்லது நாலு சொல்லித் தருவார்கள், பிள்ளை கெட்டுப்போகாது என்றார். ஓதவும் பாடவும் மட்டும் செய்திருந்தால் அவர் சொன்னதுதான் நடந்திருக்கும். உஸ்தாத் அவளுக்குக் கலர் பென்சில்கூட வைத்திருந்தார். ஆனால் சனிக்கிழமை வகுப்பு முடியும் நேரத்துக்குச் செக்ரட்டரி வருவார். குழந்தைகள் முன்னால் தூவியை நிறுத்தி, நீ யார் என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமை பகவதிப்பெருமாள் வருவார். அவரும் அதே கேள்வியைக் கேட்பார். சனிக்கிழமை சொன்ன பதிலை ஞாயிற்றுக்கிழமை சொன்னால் முகங்கள் மாறின. ஞாயிற்றுக்கிழமை பதிலைச் சனிக்கிழமை சொன்னாலும் அப்படியே. தூவி என்று சொன்னால் இரண்டு இடத்திலும் சிரித்தார்கள்.

ஆறு வயதுப் பிள்ளை யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. பேசுவதை நிறுத்திவிட்டது.

முதலில் வகுப்புகளில் மட்டும் பேசாமல் இருந்தாள். பிறகு பள்ளிக்கூடத்தில். பிறகு வீட்டிலும். பசித்தால் தட்டைக் காட்டினாள். ராவுத்தர் வற்றலைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். பாத்திரக் கடையில் யாராவது வந்து விலை கேட்டால் அவருக்குப் பதில் சொல்ல வரவில்லை. ரேஷ்மி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தொண்டையில் கோளாறு இல்லை, பிள்ளையை யாராவது பயமுறுத்துகிறார்களா என்று டாக்டர் கேட்டார். உத்தரவுப்படி என்றாள் ரேஷ்மி.

கடைசி விசாரணையில் கவுன்சலரின் இரண்டாவது அறிக்கை வாசிக்கப்பட்டது. குழந்தையிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம், மௌனம் கூடியிருக்கிறது, மௌனம் ஆன்மீக முதிர்ச்சியின் தொடக்கம். இரண்டு தரப்பும் அறிக்கையை வரவேற்றன. அந்த முதிர்ச்சி சனிக்கிழமைகளில் ஏற்பட்டதா ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்பட்டதா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது. அரை மணி நேரம் அதைப் பேசினார்கள்.

ராவுத்தர் எழுந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஷரஃபுதீன் கையைப் பிடித்து இழுத்தார், அவர் உதறினார். எழுபத்து மூன்று வயதில் முதல் தடவையாக ஒரு சபையில் நிற்கிறார்.

"சாரே, இந்தக் கேஸ நான் குடுக்கல. எனக்கு இது வேண்டாம். புள்ள அவ உம்மாகூட இருக்கட்டும். நான் சாயங்காலம் போவேன், அவ ஒரு டீ தருவா, எனக்கு அது போதும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "என் மகன் பள்ளிக்காட்டுல கெடக்கான். அந்த மண்ணுக்கு வாடகையா அவன் புள்ளையக் கேக்காங்க. எனக்குன்னு வச்சிருக்க எடத்த வேற ஆருக்காவது குடுத்திருங்க. நான் மெடிக்கல் காலேஜுக்கு எழுதிக் குடுத்திடுகேன். படிக்குத பிள்ளைகளுக்காவது உதவும். அவங்க நீ ஆருன்னு கேக்க மாட்டாங்க."

ரேஷ்மி வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி பக்கத்தில் போய்ப் படுக்க வேண்டும் என்று அந்த மனுஷன் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது அங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஷரஃபுதீன் எழுந்து, மனுதாரர் பல மாதங்களாக எதிர்மனுதாரரின் எலுமிச்சம்பழச் சோற்றுக்கு ஆட்பட்டிருக்கிறார், இது அவருடைய சுயபுத்தியில் வந்த பேச்சல்ல என்றார். நீதிபதி அதைக் குறித்துக்கொண்டு ராவுத்தரைப் பார்த்தார். "இந்த வழக்கை நீங்கள் தொடரவில்லை என்கிறீர்கள்."

"இல்ல சாரே."

"நீங்கள் தொடராத வழக்கை நீங்கள் எப்படி வாபஸ் வாங்க முடியும்?"

அந்தக் கேள்வியும் பதிவு செய்யப்பட்டது.

தீர்ப்பு வந்தது. குழந்தை தாயிடமே இருக்கும். வாரக் கடைசி வகுப்புகள், ஊட்டம் போதிய அளவு சென்றுவிட்டதால், நிறுத்தப்படுகின்றன. குழந்தையின் மதம் எது என்ற கேள்வி அது மேஜராகும் வரை திறந்து வைக்கப்படுகிறது. மனுதாரர் மனஉறுதி இல்லாதவர் என்பது அவருடைய பேச்சிலிருந்தே தெளிவாகியிருக்கிறது. அப்படிப்பட்டவர் குழந்தையின் வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பூங்காவுக்கோ கடைகளுக்கோ சென்று அதைச் சந்திப்பது நலமல்ல. எனினும் தாத்தா என்ற பாசத்தைக் கருதி, மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை காலையில், நீதிமன்ற வளாகத்திலுள்ள குழந்தைகள் அறையில், கவுன்சலரின் முன்னிலையில் சந்திக்கலாம்.

இரண்டு தரப்பும் வென்றன. சாலைக் கடைத்தெருவில் ஜமாஅத்தின் பெயரில் ஒரு ஃபிளெக்ஸ் ஏறியது. குழந்தையை மாற்று மதமென்று தீர்ப்பளிக்க விடாமல் தடுத்த செக்ரட்டரிக்கு வாழ்த்துகள். கரமனையில் சமாஜத்தின் பெயரில் இன்னொன்று. குலக்கொழுந்தை மீட்ட தலைவருக்கு வாழ்த்துகள். சட்டப்படி குழந்தையின் முகத்தைக் காட்டக் கூடாது என்பதால் ஒன்றில் முகத்தின்மேல் பிறையும் மற்றதில் தாமரையும் ஒட்டியிருந்தன. ஷரஃபுதீன் தேர்தலில் ஜெயித்தார். மாமர நிழலில் இருந்த இடம் அவருடைய மாமனாருக்கு ஒதுக்கப்பட்டது. அவர் அப்போது நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்.

ராவுத்தர் சாயங்காலங்களில் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். அஸர் முடிந்ததும் கால் தானாகக் கரமனைப் பக்கம் திரும்பும், திருப்பிக்கொண்டு வருவார். நீதிமன்ற அவமதிப்பு என்றால் ஜெயில் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஜெயிலுக்கு அவர் பயப்படவில்லை. அதைச் சாக்கு வைத்துப் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்தார்.

தீர்ப்புக்குப் பிந்திய முதல் இரண்டாம் சனிக்கிழமை வந்தது. ராவுத்தர் விடியலிலேயே குளித்து, வெள்ளை உடுத்தி, நீதிமன்ற வாசலுக்குப் போனார். ரேஷ்மியும் தூவியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கேட் பூட்டியிருந்தது. உள்ளே வாட்ச்மேன் ஷிபு நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். ரேஷ்மி உத்தரவைக் காட்டினாள்.

அவன் படித்துப் பார்த்துவிட்டு, "செகண்ட் சாட்டர்டே அல்லே சேச்சீ. இன்னிக்குக் கோடதி அவதி" என்றான்.

கோடதி நீதிமன்றம்; அவதி என்றால் மலையாளத்தில் விடுமுறை. எழுபது வருஷமாக ராவுத்தர் அந்தச் சொல்லை அப்படித்தான் கேட்டுப் பழகியிருந்தார். அன்றைக்குத்தான் அது தமிழாகக் காதில் விழுந்தது.

எல்லா மாதமும் இரண்டாம் சனிக்கிழமை அரசாங்க விடுமுறைதானே என்று ரேஷ்மி கேட்டாள். ஆமாம், எல்லா மாதமும் என்றான் ஷிபு. அவன் கெட்டவன் அல்ல. ஒரு யோசனைகூடச் சொன்னான். மனுக்கொடுத்தால் நாளை மாற்றலாம், மனுதாரர்தான் கொடுக்க வேண்டும், அவர் வக்கீல் மூலமாக. அவர் வக்கீல் ஷரஃபுதீன். பிறகு, கேட்டுக்கு வெளியே நின்று இப்படிச் சேர்ந்து பேசிக்கொண்டிருப்பதும் உத்தரவுக்கு விரோதம், யாராவது போட்டோ எடுத்தால் பிரச்சினை என்று வருத்தத்தோடு சொன்னான்.

ராவுத்தர் இரண்டடி விலகி நின்றார். தூவி அவரைப் பார்த்தாள். அவர் சாலையைப் பார்த்தார்.

ரேஷ்மி உத்தரவை மறுபடி பிரித்து, கணக்குப் பார்ப்பவள் பார்ப்பதுபோல ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். பிறகு மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"மாமா, இதுல வீடு இருக்கு. பள்ளிக்கூடம் இருக்கு. பார்க்கு, கடை எல்லாம் இருக்கு. பஸ்ஸுன்னு இல்ல."

நகரத்தைச் சுற்றிச் சுற்றி வரும் பஸ் ஒன்று அப்போது நிறுத்தத்தில் வந்து நின்றது. மூன்று பேரும் தனித்தனியாக ஏறினார்கள். ராவுத்தர் பின்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ரேஷ்மி அவருக்கு முன்சீட்டில் உட்கார்ந்தாள். தூவி நடுவழியில் கொஞ்சம் நின்றுவிட்டு, அவர் பக்கத்து இடத்தில் ஏறி, இடையில் ஒரு கை அகலம் விட்டு உட்கார்ந்தாள். ராவுத்தர் நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணில் எதுவும் படவில்லை.

ரெண்டு நிறுத்தம் கழிந்திருக்கும்.

"உப்பாப்பா, பேசினா கேஸாகுமா?" என்று ஒரு குரல் கேட்டது. உள்ளே கிடந்து கரகரத்துப் போன குரல்.

முன்சீட்டில் ரேஷ்மியின் தோள்கள் அசையாமல் நின்றன. ராவுத்தர் திரும்பினார். அதற்குள் பஸ் தம்பானூர் வந்துவிட்டது. ரயிலில் இறங்கிய கூட்டம் பைகளும் மூட்டைகளுமாக முண்டியடித்து ஏறியது. கண்டக்டரம்மா டிக்கெட் மெஷினோடு நெருக்கிக்கொண்டு வந்து, ராவுத்தரின் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றார். குழந்தையைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார், நிற்கிற ஜனத்தைப் பார்த்தார்.

"அப்பச்சா, எந்தா இது? கொச்சுமோளப் பிடிச்சு மடியில வைக்கணும். ஆளு நிக்குது கண்டில்லே?"

இத்தனை மாதத்தில் ராவுத்தருக்குப் புரிந்த முதல் உத்தரவு அதுதான். அவர் உடனே கீழ்ப்படிந்தார்.